எங்கள் ஊர்த் தியேட்டர்: யாருடையது, எப்படி இருக்கிறது, எங்கே உட்கார வேண்டும்

மலைநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்த் தியேட்டரில் ஓடிசி, அதாவது கீழ்த்தள இருக்கை, 500 ரூபா, பால்கனி 700. 200 ரூபா அதிகம் என்று பார்க்காமல் பால்கனியை எடுங்கள். ஓடிசியின் முன் வரிசைகளில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பின் வரிசைகளுக்கு மேலே பால்கனித் தளம் தாழ்ந்து வருவதால் பாட்டும் பேச்சும் அடைத்த மாதிரிக் கேட்கும். பால்கனியில் மூன்றாவது வரிசை, நடுவில் இருக்கும் இருக்கைகள். அங்கே உட்கார்ந்து பார்த்தால் திரை நேராகக் கண்ணுக்கு எதிரே வரும், சத்தமும் சரியாக வந்து சேரும். கொழும்புக்குப் போய்ப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணமே வராது.

தியேட்டரின் பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். “நல்லதா எழுதுனாலும் வேணாம்மா, குறைய எழுதுனாலும் வேணாம். நம்ம சனத்துக்குத் தெரியும்” என்றார். அதுவும் சரிதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்தப் படிகளில் ஏறாத குடும்பம் இருக்காது.

நான் இந்த ஊரில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். ஹார்ட்வெயார், மருந்துக்கடை, மரக்கறி மொத்த வியாபாரம் என்று பல பேருடைய கொப்பிகள் என் மேசைக்கு வரும். அதனால் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் விலையோடு சேர்த்து, இது யாருடையது, கட்டடம் சொந்தமா வாடகையா, காசு எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்ப்பேன். இந்தத் தியேட்டரைப் பற்றிச் சொல்லும்போது அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. இது நன்றாக இருப்பதற்கும் சில விஷயங்களில் பின்தங்கி இருப்பதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் படத்தைப் பற்றி. டிஜிட்டல் புரொஜெக்டர் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. வெளிச்சம் தாராளம். இரவுக் காட்சிகளில்கூட முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நான் பார்த்த சில தியேட்டர்களில் புரொஜெக்டர் விளக்கு ஆயுள் முடிந்த பிறகும் மாற்றாமல் ஓட்டி, படம் முழுவதும் சாம்பல் பூத்துப்போய் இருக்கும். இங்கே அப்படி இல்லை. விளக்கை நேரத்துக்கு மாற்றுகிறார்கள். திரையையும் துடைக்கிறார்கள். திரையின் இடது கீழ் மூலையில் ஒரு சின்ன ஒட்டுத் தெரியும். படம் தொடங்கிய பிறகு அது கண்ணில் படாது.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தென்மேல் பருவ மழை தொடங்கினால் நாள் கணக்கில் விடாது. தகரக் கூரைக்குக் கீழே படம் பார்ப்பது என்றால் மழைக் காலத்தில் பாதி வசனம் மழைக்குத்தான் போகும். முன்பெல்லாம் இந்தத் தியேட்டரிலும் அதே கதைதான். கதாநாயகன் வாயசைப்பான், கூரை பேசும். இப்போது கூரைக்கு அடியில் பஞ்சுப் பலகை அடித்து, பக்கச் சுவர்களில் தடித்த துணி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அடைமழையிலும் மெதுவாகப் பேசும் காட்சி காதில் விழுகிறது. இந்த ஒரு வேலைக்காகவே முதலாளியைக் கையெடுத்துக் கும்பிடலாம். பெரிய கம்பனி ஒன்று இதைச் செய்திருந்தால் விளம்பரம் போட்டிருப்பார்கள். இவர் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

ஏசி கிடையாது, தேவையும் இல்லை. இரவுக் காட்சிக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் கால் விறைக்கும். சாக்ஸ் போட்டுக்கொண்டு போவது நல்லது.

பால்கனிக்கு ஏறும் படிக்கட்டின் திருப்பத்தில் பழைய புரொஜெக்டர் ஒன்று துணி போர்த்தி நிற்கிறது. அதைக் கேட்டால் முதலாளி நின்று பேசுவார். அவரிடம் ஒரு பிஸ்கட் டின்னில் மிச்சமிருந்த கார்பன் குச்சிகள் இருக்கின்றன. ஒன்றை என் கையில் கொடுத்தார். பென்சில் தடிப்பு, மேலே செம்புப் பூச்சு, நுனி கருகிக் குழிந்திருந்தது. இரண்டு குச்சிகளை நுனியோடு நுனி நெருக்கி மின்சாரம் விட்டால் நடுவில் எழும் வெளிச்சத்தில்தான் அந்தக் காலத்தில் படம் ஓடியது. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். ஓப்பரேட்டர் அதைத் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை மங்கிவிடும், கீழே இருந்து விசில் பறக்கும். 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அவ்வளவு சுருளையும் தகரப் பெட்டிகளில் போட்டு கொழும்பிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்புவார்களாம். பெட்டி வரும் ரயில் பிந்தினால் படமும் பிந்தும்.

இப்போது பெட்டியும் இல்லை, அடியும் இல்லை. படம் கோப்பாக வருகிறது, பூட்டிய நிலையில். அதைத் திறக்கும் சாவியும் இன்னொரு கோப்புதான். எந்த மெஷினில், எந்த நாள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அந்தச் சாவிக்குள் எழுதியிருக்கும். வேறு மெஷினில் திறக்காது, நேரம் முடிந்தால் திறக்காது. முதலாளியின் மகன் இதைப் பார்த்துக்கொள்கிறார், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. ஒரு பெரிய நடிகரின் படம் வந்த அன்று சாவி வந்து சேரத் தாமதமாகி, மண்டபம் நிறைய ஆட்களோடு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பிள்ளை மேடைக்கு வந்து, “அண்ணே, அக்கா, கோவிச்சுக்காதீங்க, கொழும்புல இருந்து இன்னும் வரல. வேணாங்கிறவங்க காசத் திருப்பி வாங்கிக்கலாம்” என்று நேராகச் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. டிக்கட் கவுண்டரில் இருக்கும் அவருடைய அம்மா எல்லாருக்கும் பிளேன்டீ அனுப்பினார். ஆட்களை மதித்து நடத்துவது என்றால் இதுதான். இடைவேளைத் தீனியிலும் அதே குணம் தெரியும். கடலை வடை, அவித்த கடலை, மரவள்ளி சிப்ஸ், தேத்தண்ணி எல்லாம் வெளியே கடைத்தெருவில் என்ன விலையோ அதே விலை. தியேட்டருக்குள் வந்துவிட்டான், தப்ப முடியாது என்று விலையை ஏற்றுவதில்லை.

குறைகளைச் சொல்கிறேன். பெண்கள் கழிவறை இரண்டே இரண்டு, இடைவேளையோ 10 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பிள்ளைகளோடு வரும் பெண்கள் வரிசையில் நின்றே இரண்டாம் பாதியின் தொடக்கத்தை இழக்கிறார்கள். கொக்கியும் ஒன்றில் சரியில்லை. ஆண்கள் பக்கம் இந்தப் பிரச்சினை இல்லை என்பதால் இது முதலாளியின் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். நான் சொல்லிவிட்டேன், மற்ற அக்கா தங்கச்சிமாரும் டிக்கட் வாங்கும்போது சொல்லுங்கள். அடுத்தது இருக்கை. பால்கனியில் பஞ்சு மாற்றிவிட்டார்கள், ஓடிசியில் வலது பக்கம் கடைசி வரிசைகளில் இன்னும் ஸ்ப்ரிங் குத்துகிறது. டிக்கட்டை முன்கூட்டியே பதிவு செய்ய வாட்ஸ்அப் இலக்கம் ஒன்று இருக்கிறது, ஆனால் புதுப் படம் வந்தால் பதில் வருவதற்குள் டிக்கட் முடிந்துவிடும். நேரில் போவதே மேல்.

இனி, யாருடையது என்ற விஷயம்.

நிலமும் கட்டடமும் முதலாளியின் குடும்பச் சொத்து. அவருடைய அப்பா துணிக்கடை வைத்திருந்தவர், 1960களில் இதைக் கட்டினார். ஆனால் அந்தக் காலத்தில் கட்டடம் இருந்தால் மட்டும் போதாது. படம் கொழும்பில் இருந்தது. சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிடெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் என்று மூன்று கம்பனிகள். படங்களை இறக்குமதி செய்தவர்கள் அவர்கள், விநியோகம் செய்தவர்கள் அவர்கள், பெரிய நகரங்களில் தியேட்டர்களை வைத்திருந்தவர்களும் அவர்கள். வெளியூரில் ஒருவர் சொந்தமாகத் தியேட்டர் கட்டினாலும் இந்த மூவரில் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டு, வசூலில் பங்கு கொடுத்து, அவர்கள் அனுப்புவதை ஓட்ட வேண்டும். “கட்டடம் எங்க அப்பாது, திரையில ஓடுனது அவங்களுது” என்று முதலாளி சொல்கிறார்.

அந்த மூன்றில் சிலோன் தியேட்டர்ஸின் கதையை மலைநாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாம் எல்லாரும் இன்று அந்தக் கம்பனிக்குத்தான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 1928இல் அதைத் தொடங்கியவர் யாழ்ப்பாணத் தமிழர், சிற்றம்பலம் ஏ. கார்டினர். 1930இல் கொழும்பில் ரீகல் தியேட்டர் வந்தது. பிற்பாடு அவர் செனட்டர் ஆனார், சேர் பட்டம் பெற்றார், 1960இல் காலமானார். ரீகல் நிற்கும் தெருவுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

அவருக்குப் பிறகும் கம்பனி நிற்கவில்லை. 1981இல் சிலோன் தியேட்டர்ஸ் கார்கில்ஸின் பெரும்பான்மைக் கட்டுப்பாட்டை வாங்கியது. கார்கில்ஸ் என்பது 1844இல் வில்லியம் மில்ன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் தொடங்கிய வியாபாரத்திலிருந்து வளர்ந்த கம்பனி. தோட்டத் துரைமாருக்குச் சாமான் விற்ற கடை. நுவரெலியாவில் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்காமல் யாரும் கடைத்தெருவைக் கடக்க முடியாது. வெள்ளைக்காரரின் அந்தக் கடையைத் தமிழர் தொடங்கிய சினிமாக் கம்பனி வாங்கியது. 1983இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் சுப்பர்மார்க்கட்டைத் திறந்தார்கள். இன்றைக்குக் கார்கில்ஸ் ஃபுட் சிட்டிகள் நாடு முழுக்க 500க்கும் மேல். 1999இல் ஹங்குராங்கெத்தையில் மரக்கறிச் சேகரிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கி, மலைநாட்டு விவசாயிகளிடம் நேராகக் கொள்முதல் செய்ய ஆரம்பித்தார்கள். சினிமாக் கம்பனியின் பெயர் இப்போது சி.டி. ஹோல்டிங்ஸ், பங்குச்சந்தையில் இருக்கிறது. கரட்டும் லீக்ஸும் விற்கிறோம், திரும்ப அரிசியும் பருப்பும் வாங்குகிறோம், இரண்டு பக்கமும் கடைசியில் போய்ச் சேருவது சினிமாவில் தொடங்கிய ஒரு கம்பனியிடம். என் வாடிக்கையாளர் ஒருவர், மரக்கறி வியாபாரி, இதைச் சொன்னபோது நம்பவில்லை. ஆண்டறிக்கையைத் திறந்து காட்டினேன்.

கணக்குப் பார்ப்பவளாக எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தியேட்டர் என்பது கைக்காசு வியாபாரம். கடன் சொல்லி யாரும் படம் பார்ப்பதில்லை, இரவு பெட்டியைப் பூட்டும்போது அன்றைய காசு அன்றைக்கே கையில் இருக்கும். பலசரக்குக் கடையும் அதே வகை. இரண்டாவது, நிலம். அந்தக் காலத்தில் தியேட்டர் கட்டியவர்கள் எல்லாரும் சனம் நடமாடும் நடு இடத்தில்தான் நிலம் பிடித்தார்கள். நாற்பது ஐம்பது வருடம் கழிந்ததும் உள்ளே இருக்கும் இருக்கைகளை விடக் கீழே இருக்கும் மண்ணுக்குத்தான் விலை. பம்பலப்பிட்டியில் மெஜஸ்டிக் தியேட்டர் இருந்த இடத்தில் 1991இல் மெஜஸ்டிக் சிட்டி கடைத்தொகுதி எழுந்தது, அதற்குள் சினிமாவும் வைத்தார்கள். 2013இல் யாழ்ப்பாணத்தில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோதும் கடைகளுக்கு மேலே தியேட்டர். முன்பு தியேட்டருக்கு வந்தவனை நம்பி வாசலில் கடை போட்டார்கள். இப்போது கடைக்கு வந்தவனை நம்பி மாடியில் தியேட்டர் வைக்கிறார்கள். ஒரே கம்பனி பல இடங்களில் நடத்தும் சங்கிலித் தியேட்டர் வளர்கிறது என்றால் பெரும்பாலும் அது மோல் வளர்கிற இடத்தில் வளர்கிறது.

சினிமாஸ் லிமிடெட்டின் கதை வேறு மாதிரி முடிந்தது. அதை வளர்த்த கே. குணரத்தினமும் தமிழர்தான். தியேட்டர்கள் வைத்திருந்தார், சிங்களப் படங்கள் தயாரித்தார், ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை நடத்தினார். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அந்த ஸ்டூடியோவை எரித்தார்கள், உள்ளே இருந்த படச்சுருள்களும் போயின. 1989இல் அவரைக் கொன்றார்கள். சிங்கள சினிமாவுக்கு அவ்வளவு செய்த ஒரு மனிதர். நினைக்க நினைக்க ஆறுவதில்லை. நாட்டில் எரிந்த தியேட்டர்கள் எத்தனையோ. எங்கள் ஊர்த் தியேட்டர் அந்த வாரம் தப்பியது. பக்கத்துக் கடைக்காரர்கள், சிங்களவர்கள், வாசலில் நின்றார்கள் என்று முதலாளி சொல்வார். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றிப் பேச மாட்டார், நானும் கேட்பதில்லை.

நடுவில் அரசாங்கமும் வந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. 1980இல் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது. எந்தப் படம் எந்த ஊருக்கு என்று தீர்மானிக்கும் இடம் கம்பனியிலிருந்து கூட்டுத்தாபனத்துக்கு மாறியதே தவிர, மலைநாட்டு முதலாளி அப்போதும் கடிதம் எழுதிக் காத்திருந்தவர்தான். அப்புறம் 1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி என்று டிவி வந்தது, அதற்குப் பின் வீடியோ கடைகள். நாட்டில் தியேட்டர்கள் பாதிக்கு மேல் மூடிப்போயின. மலைநாட்டிலும் அப்படித்தான். தியேட்டர் இருந்த இடங்களில் இன்று துணிக்கடை, டியூஷன் வகுப்பு, கல்யாண மண்டபம்.

2000க்குப் பிறகு விநியோகம் திரும்பவும் தனியார் கைகளுக்கு வந்தது. வெள்ளவத்தை சவோய் தியேட்டரை வைத்திருந்த ஈ.ஏ.பி. நிறுவனம் பிற்பாடு லைக்கா குழுமத்திடம் போனது. அதை நிறுவிய சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர், தமிழ்நாட்டில் பெரிய படங்கள் தயாரிப்பவர். படம் எடுப்பவரே தியேட்டரும் வைத்திருப்பது கார்டினர் காலத்துப் பழக்கம், அது சுற்றி வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் இந்தியச் சங்கிலி. கொழும்பு வன் கோல் ஃபேஸ் மோலில் 9 திரைகளோடு பி.வி.ஆர். இருக்கிறது. டெல்லியில் பிரியா என்ற ஒற்றைத் தியேட்டர் வைத்திருந்த குடும்பத்தின் அஜய் பிஜ்லி 1995இல் ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோவோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது அது. 1997இல் முதல் மல்டிபிளெக்ஸ். கூட்டாளி பிறகு விலகிக்கொண்டார். 2018இல் சென்னையின் சத்யம் தியேட்டர்களை நடத்திய எஸ்.பி.ஐ. சினிமாஸை வாங்கினார்கள். 2023 பெப்ரவரியில் இன்னொரு பெரும் சங்கிலியான ஐநொக்ஸும் இதுவும் ஒன்றாகி, 1,500 திரைகளுக்கு மேல் ஒரே கம்பனியின் கீழ் வந்துவிட்டன. அக்கா மகன் என்னை அந்தக் கோல் ஃபேஸ் தியேட்டருக்குக் கூட்டிப்போனான். சாய்ந்து உட்காரும் இருக்கை, துல்லியமான சத்தம், ஒரு குறையும் சொல்ல முடியாது. ரசித்துப் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சங்கிலி எங்கள் ஊருக்கு வராது. வர முடியாது என்பதையும் கணக்கே சொல்லும். 9 திரைகளை நிரப்ப நாள் முழுக்க ஆள் நடமாட்டம் வேண்டும். எங்கள் சனம் நகரத்தில் இல்லை, மலை மலையாகத் தோட்டங்களில் சிதறி இருக்கிறது. 10ஆம் திகதி சம்பளம், அடுத்து வரும் ஞாயிறு பகல் காட்சிக்குத்தான் குடும்பத்தோடு இறங்கி வருவார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. பிறகு கூடினாலும், இரண்டு பேர் பால்கனியில் உட்கார்ந்தால் ஒரு நாள் உழைப்பில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும், பஸ் காசு தனி. இதைத் தெரிந்தவர்தான் இங்கே தியேட்டர் நடத்த முடியும். முதலாளி ஓடிசியில் 12 வயதுக்குக் கீழே பாதி டிக்கட்தான் வாங்குகிறார். சம்பள ஞாயிறில் தாத்தா பாட்டியோடு ஒரு குடும்பமாக வந்தால் கவுண்டரில் இருக்கும் அம்மா ஆட்களை எண்ணிவிட்டு, ஒரு டிக்கட்டை விட்டுக் கொடுப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். எந்தச் சங்கிலியின் கணினியும் அதை அனுமதிக்காது.

2020இல் மூடிக் கிடந்தது, 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலமும் வந்தது. இது தப்பியதற்குக் காரணம் நிலம் சொந்தம், வங்கிக் கடன் சிறிது, சம்பளத்துக்கு ஆள் குறைவு. வீட்டு ஆட்களே டிக்கட் கிழிக்கிறார்கள், வீட்டு ஆட்களே படம் ஓட்டுகிறார்கள். கட்டடத்தை விலைக்குக் கேட்டுப் பெரிய கடைக்காரர்கள் வந்து போகிறார்கள். விற்றால் ஒரே நாளில் கிடைக்கும் காசை டிக்கட்டில் சம்பாதிக்கப் பல வருடம் ஆகும். அவர் விற்கவில்லை. “நான் இருக்கும் வரைக்கும் இல்லம்மா” என்கிறார். மகனும் அதே பேச்சில் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அவர்கள் பிடிவாதத்தை மட்டும் நம்பி இது ஓடாது. நாம் போக வேண்டும். போனில் திருட்டுப் பிரதி பார்த்துவிட்டு, ஊரில் தியேட்டர் இல்லையே என்று பிறகு வருத்தப்படுவதில் பிரயோசனம் இல்லை. சாதாரண நாட்களில் 420 இருக்கைகளில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

சங்கிலித் தியேட்டர்களிடமிருந்து இவர் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. ஒரே திரை என்பதால் ஒரு படம் இரண்டு வாரம் ஓடினால் மற்றப் படங்கள் இந்த ஊரைத் தொடாமலே போய்விடுகின்றன. சிறிய நல்ல தமிழ்ப் படம், சிங்களப் படம் எதற்கும் இடமில்லை. பால்கனியை அடைத்துத் தனி மண்டபமாக்கி, 120 பேருக்கு இரண்டாவது திரை போடலாம் என்று மகன் சொல்கிறார். பல ஊர்களில் பழைய தியேட்டர்கள் அப்படித்தான் பிழைத்தன. என் மூன்றாவது வரிசை போய்விடும், பரவாயில்லை, செய்யட்டும். கீழே பெரிய படம், மேலே சின்னப் படம் என்றால் சாதாரண நாளிலும் ஆள் வரும். புரொஜெக்டர் ஒன்றும் சுவர் ஒன்றும்தான் பெரிய செலவு. முழுவதையும் கடனில் செய்யாமல், சம்பள ஞாயிறுகளின் வசூலில் ஒரு பங்கை ஒதுக்கிச் செய்தால் தாங்கும். அதற்கு முன்னால் கழிவறை.

காட்சி நேரம்: 10.30, 2.30, 6.30. மாலைக் காட்சி முடிய ஒன்பதரை ஆகிவிடும், தோட்டப் பக்கம் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும், த்ரீவீல்காரர் இரவில் கேட்கும் காசு டிக்கட்டை விட அதிகம். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் 2.30க்கே வாருங்கள். சம்பள ஞாயிறில் அந்தக் காட்சியை 1.30க்கு மாற்றினால் மலை உச்சி டிவிசன்களில் இருப்பவர்களும் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் செய்து பார்க்கிறேன் என்றார். இரண்டாவது திரைக்கு வரவு செலவு போட ஆள் தேடினால் வெளியே போக வேண்டாம், கூலி இல்லாமல் நானே போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.